விலை விழுந்த சொகுசு வண்டி: கிருஷ்ணகிரியில் வாங்குகிறவர் போட வேண்டிய கணக்கு

புதிய ஃபார்ச்சூனர் ஒன்றுக்குக் கேட்கும் பணத்தில் பாதியை வைத்துக்கொண்டு, எட்டு ஒன்பது ஆண்டு ஓடிய ஜெர்மன் அல்லது பிரிட்டிஷ் சொகுசு எஸ்.யு.வி. ஒன்றை இன்று வாங்கிவிட முடிகிறது. பெங்களூரு விற்பனையாளர்கள் அனுப்பும் படங்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வரை கைபேசிகளில் சுற்றுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான வரி மாறியது. 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் 22 விழுக்காடு வரையிலான இழப்பீட்டு வரியும் போய், ஒரே 40 விழுக்காடு ஆனது. புதிய வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியும் கூடவே இறங்கியாக வேண்டும். ஆகவே, ‘இப்போது வாங்கினால் லாபம்தானே?’ என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது.

லாபமா என்பதை வாங்கும் விலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தப் பாகம் எப்போது கைவிடும், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், வண்டியில் எந்த மாநிலத்து எண் பலகை இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவுசெய்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மூன்றாவது விஷயம் மற்ற இரண்டையும் மிஞ்சிவிடுவது உண்டு.

விலை ஏன் இப்படி விழுகிறது

சொகுசு வண்டிகளில் பல, முதலில் ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கப்படுபவை. வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் காட்டலாம். உத்தரவாதக் காலம் முடியும் தறுவாயில் வண்டியைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அந்தக் கட்டத்துக்குப் பிறகு வரும் செலவு எப்படிப்பட்டது என்று சந்தைக்குத் தெரியும். அந்தப் பயத்தையும் சேர்த்தே பழைய வண்டிக்கு விலை வைக்கப்படுகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்றால் யாரோ ஏமாந்துவிட்டார் என்று பொருளில்லை.

வண்டியின் விலை 70 லட்சத்திலிருந்து 18 லட்சத்துக்கு இறங்கலாம். அதன் கியர்பாக்ஸ், முகப்பு விளக்கு, டர்போ ஆகியவற்றின் விலை இறங்குவதில்லை. சர்வீஸ் சென்டரின் பார்வையில் அது இன்னும் 70 லட்ச ரூபாய் வண்டிதான்.

‘பி.எம்.டபிள்யூ. சென்னைக்குப் பக்கத்திலேயே தயாராகிறதே, பாகங்கள் மலிவாகத்தானே இருக்கும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் அந்த நிறுவனத்தின் ஆலை இயங்குவது உண்மை. ஆனால் இங்கே ஒன்றுசேர்க்கப்படுவதால் குறைவது முழு வண்டிக்கான இறக்குமதித் தீர்வை. எல்லா உதிரிபாகமும் இங்கேயே வார்க்கப்படுகிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

‘ஃபோர் வீல் டிரைவ்’ என்பதில் எத்தனை வகை

விளம்பரங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். உள்ளே இருப்பது வேறு வேறு.

1. லேடர் ஃபிரேம் எனப்படும் தனிச் சட்டகத்தின்மேல் உடல் பொருத்தப்பட்டவை: ஃபார்ச்சூனர், எண்டேவர், பஜேரோ ஸ்போர்ட். இவற்றின் நான்கு சக்கர இயக்க மாடல்களில் கடினமான ஏற்றத்துக்கான ‘லோ ரேஞ்ச்’ பற்சக்கரம் உண்டு. சற்று முரட்டு ஓட்டம், எளிய அமைப்பு.

2. காரைப் போன்ற உடலமைப்பில், கணினி தானாகவே முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தருபவை: பி.எம்.டபிள்யூ. எக்ஸ் வரிசை, ஆடி கியூ வரிசை, வால்வோ எக்ஸ்.சி. வரிசை. நெடுஞ்சாலையில் அருமையாக ஓடும். ஆனால் நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். இரண்டை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால், சுற்றளவு வித்தியாசத்தைச் சமாளித்தே, முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ தேய்ந்துபோகும்.

3. லேண்ட் ரோவர், பெரிய மெர்சிடிஸ் போன்றவற்றில் இவற்றோடு காற்றுப்பையில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷனும் சேர்ந்துகொள்ளும்.

மாந்தோப்புக்குப் போகும் மண்பாதைக்கும் குவாரி வழித்தடத்துக்கும் முதல் வகையே தாராளம். உண்மையில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது தரையிலிருந்து நல்ல உயரம் மட்டுமே. மீதி, திருவிழாவில் கோயில் வாசலில் நிறுத்தும்போது கிடைக்கும் மரியாதைக்கானது. அதற்குப் பணம் கொடுப்பது தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் சரி.

செலவு எங்கிருந்து வருகிறது

சாதாரண சர்வீஸ் யாரையும் கவிழ்ப்பதில்லை. எண்ணெய், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் கணிக்கக்கூடிய செலவு. கவிழ்ப்பவை கீழே உள்ளவை.

1. ஏர் சஸ்பென்ஷன். ரப்பர் காற்றுப்பை வயதாக ஆகச் சிறு வெடிப்பு விடும். காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் கருகும். ஒரு பையில் தொடங்கும் கோளாறு இரண்டு மூன்று பாகங்களின் செலவாக முடிவது இப்படித்தான். வண்டியை ஓர் இரவு முழுக்க ஓட்டாமல் நிறுத்திவைத்து, காலையில் எந்த மூலையாவது இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை வெளிவரும்.

2. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ‘வாழ்நாள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்’ என்று சில வண்டி நிறுவனங்கள் சொல்லிவந்தன. அந்தக் கியர்பாக்ஸ்களைச் செய்துதரும் இசட்.எஃப். நிறுவனமோ, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதை நம்புவதே நல்லது. எட்டு கியர் வகை பலவற்றில் எண்ணெய்த் தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. முழுத் தட்டையும் மாற்ற வேண்டும். ஆனாலும் கியர்பாக்ஸ் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

3. எஞ்சினின் எட்டாத மூலைகள். இதில் பாகத்தின் விலையைவிட அதை எட்டுவதற்கான கூலியே பெரிது. பி.எம்.டபிள்யூ.வின் என்47 என்ற 2 லிட்டர் டீசல் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அது தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டி வரும். மெர்சிடிஸ் எம்.எல். 350 டீசலின் ஓ.எம்.642 எஞ்சினில் எண்ணெய்க் குளிர்விப்பானின் ரப்பர் சீல் கசிவது ஊரறிந்த கோளாறு. சீல் அற்ப விலைதான். அது இருப்பதோ வி வடிவ எஞ்சினின் நடுப் பள்ளத்தில். டர்போவையும் காற்றுக் குழாய் அமைப்பையும் கழற்றாமல் கை எட்டாது. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, 4 மாடல்களில் டர்போ வேலைக்கு உடலையே சட்டகத்திலிருந்து தூக்கும் வழக்கம் உண்டு. அவற்றின் வி6 டீசல் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் முதன்மைச் சுழல்தண்டு முறிவதும் உலகெங்கும் பேசப்பட்ட ஒன்று. இவை எல்லா வண்டிக்கும் வரும் என்றில்லை. வந்தால், வண்டியின் மதிப்புக்கும் பழுதுச் செலவுக்கும் பெரிய இடைவெளி இருக்காது.

4. டீசல் புகை வடிகட்டி. பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளிலும், அதற்கு முந்தைய சில சொகுசு வண்டிகளிலும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். அது நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் கிடைக்கும். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து மண்டிக்கும் என்று தினம் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டுபவரிடம் இந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எரிப்பு பாதியில் நின்றால் டீசலானது எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். இந்த விஷயத்தில் நம் மாவட்டங்களுக்கு ஒரு வசதி: வாரம் ஒருமுறை சேலம் பக்கமோ பெங்களூரு பக்கமோ போய்வருபவருக்கு என்.எச். 44-லேயே அந்த வேலை முடிந்துவிடும்.

5. குளிர்விக்கும் நீர். இது நம் மண்ணுக்கே உரிய சிக்கல். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையை வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் உப்புப் படிவத்திலேயே பார்க்கலாம். ரேடியேட்டரில் அளவு குறைந்தால் வழியோரப் பட்டறையில் அந்த நீரையே ஊற்றிவிடுகிறார்கள். பழைய லாரி அதைத் தாங்கும். அலுமினிய எஞ்சினும் நுண்ணிய குழாய்களும் கொண்ட சொகுசு வண்டி தாங்காது. உரிய கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த கலவையைத்தான் ஊற்ற வேண்டும். வாங்கும் முன் கூலண்ட் தொட்டியைத் திறந்து பாருங்கள். துரு நிறமோ வெண்படிவமோ தெரிந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

‘எவ்வளவு மைலேஜ் தரும்?’

எல்லோரும் முதலில் கேட்பது இது. கடைசியில் கேட்க வேண்டியதும் இதுதான். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தந்தால் 1,200 லிட்டர் வேண்டும்; 13 தந்தால் 923 லிட்டர் போதும். டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 25,750 ரூபாய். மேலே சொன்ன ஐந்தில் ஒன்று நிகழ்ந்தாலே, பல ஆண்டு எரிபொருள் சேமிப்பும் ஒரே ரசீதில் கரைந்துவிடும்.

பெட்ரோல் வண்டி பார்ப்பவர்கள் மட்டும் ஒன்றைச் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய மாடல்கள் பல 10 விழுக்காடு வரை மட்டுமே தாங்கும் என்று குறிக்கப்பட்டவை. எரிபொருள் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறை எவ்வளவு தூரம்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து சுமார் 130. சொகுசு வண்டி தெரிந்த மெக்கானிக்கும், அந்தந்த நிறுவனத்துக்கான கணினி சோதனைக் கருவியும் தேடி பெரும்பாலோர் அங்கேதான் போகிறார்கள். வண்டி ஓடும் நிலையில் இருந்தால் இது ஒரு நாள் வேலை. நான்கு சக்கரமும் விசை பெறும் வண்டி நின்றுவிட்டாலோ, முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கட்டி இழுத்துச் செல்ல முடியாது. முழுதாக ஏற்றிச் செல்லும் தட்டு லாரி வேண்டும். அஞ்செட்டி மலைப்பாதையிலோ தொப்பூர் இறக்கத்திலோ நின்றால், பழுது என்னவென்று தெரிவதற்கு முன்பே வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தக் கோணத்தில் ஃபார்ச்சூனரின் பழைய வண்டி விலை ஏன் விழ மறுக்கிறது என்பது விளங்கும். 2009 முதல் அது பெங்களூரை அடுத்த பிடதியில் தயாராகிறது. சிறு நகரங்களிலும் கைவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நிம்மதிக்குச் சந்தை கொடுக்கும் விலை அது. எண்டேவர் நேர்மாறான கதை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபின் விலை தளர்ந்தது. வண்டி உறுதியானதுதான். ஆனால் பாகத்துக்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கே.ஏ. எண் பலகையின் விலை

கர்நாடகப் பதிவான கே.ஏ. எண்ணோடு ஓசூர் எல்லையைத் தாண்டி வரும் மலிவு வண்டியில் மறைந்திருக்கும் பெரிய செலவு இது. படிப்படியாகப் பார்ப்போம்.

1. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்துப் பதிவெண் பெற வேண்டும். வரி என்பது தனி. அது மாநிலத்தின் சட்டம். ஆகவே ‘ஓராண்டு வரை யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று புரோக்கர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு, ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரி 20 விழுக்காடு. வேற்று மாநில வண்டிக்கு அதன் வயதுக்கேற்ப விழுக்காடு குறையும். கவனிக்க வேண்டியது, எந்தத் தொகைக்கு அந்த விழுக்காடு என்பதே. நீங்கள் கொடுத்த 18 லட்சத்துக்கு இல்லை. வண்டி புதிதாக விற்கப்பட்டபோது இருந்த விலைக்கு. கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு எடுத்துக்காட்டு: புதிய விலை 60 லட்சம், வயதுக்குரிய வரி 8 விழுக்காடு என்று கொண்டால் 4.8 லட்சம். வாங்கிய விலையில் கால் பங்குக்கும் மேல். உங்கள் வண்டிக்கான சரியான விழுக்காட்டைக் கிருஷ்ணகிரி, ஓசூர் அல்லது தருமபுரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

3. கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஆனால் இங்கே மறுபதிவு முடிந்த பிறகுதான் அந்தப் படி ஏற முடியும். முதலில் கையிலிருந்து போட வேண்டும். திரும்ப வரும் தொகையைப் பேரம் பேசும்போதே லாபக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. தேவையான படிவங்கள்: பழைய ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28, உரிமை மாற்றத்துக்கு 29, 30, புதிய பதிவெண்ணுக்கு 27, கடன் முடிந்திருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்க 35. கட்டாத அபராத ரசீது ஒன்று இருந்தாலும் தடையின்மைச் சான்று நிற்கும். முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் இந்தச் சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

5. பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் புதுப்பித்தால் சாதாரண காருக்கு 5,000 ரூபாய். முழுதாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்கோ 40,000. எனவே 13 வயது இறக்குமதி வண்டியைப் பார்க்கும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் கூட்டிய பிறகு, அதே மாடலின் டி.என். பதிவு வண்டி இரண்டு மூன்று லட்சம் கூடுதலாகக் கேட்டாலும் அதுவே மலிவு என்று பல நேரங்களில் தெரியவரும்.

டெல்லி வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி

டெல்லியில் 10 வயது கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று அதே நீதிமன்றம் சொன்னாலும், அந்தப் பக்கத்து டீசல் வண்டிகள் தெற்கே மலிவாக இறங்கிய வழக்கம் நின்றுவிடவில்லை. வண்டி கெட்டதென்று சொல்வதற்கில்லை. மேலே சொன்ன ஆயுள் வரிக் கணக்கு இங்கும் பொருந்தும், அவ்வளவுதான்.

வெள்ள வண்டி வேறு ரகம். 2015-லும் 2023-லும் டிசம்பர் மாதங்களில் சென்னையில், 2022 செப்டம்பரில் பெங்களூரில், விலையுயர்ந்த வண்டிகள் பல நீரில் மூழ்கின. சொகுசு வண்டிகளில் பேட்டரியும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பெரும்பாலும் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் இருக்கும். நீர் முழங்கால் அளவு ஏறினாலே போதும். மின்னிணைப்பில் மெல்ல அரிப்பு தொடங்கி, ஒன்றிரண்டு ஆண்டு கழித்து ஒவ்வொரு கோளாறாகத் தலைகாட்டும். இருக்கைப் பட்டையை முழுதாக வெளியே இழுத்து அதன் அடிமுனையில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். விரிப்பை ஒரு மூலையில் தூக்கிக் கம்பியிணைப்புகளையும் பாருங்கள். அதற்கு அனுமதிக்காத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டிய தேவையில்லை.

வாங்கும் முன் சோதனை

1. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன், அபராதம், காப்பீடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

2. சேஸிஸ் எண்ணை வைத்து, உரிமையாளரின் ஒப்புதலோடு, நிறுவன சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரங்களை வாங்குங்கள். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால் அங்கே பிடிபடும். கிலோமீட்டர் கணக்கு டேஷ்போர்டில் மட்டும் இருப்பதில்லை. பல வண்டிகளில் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும், பி.எம்.டபிள்யூ.வில் சாவியிலும்கூடப் பதிவாகும்.

3. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போகும்போதே வண்டி சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள்.

4. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பட்டறையில், அந்த நிறுவனத்துக்கான கருவியோடு சோதிக்க வேண்டும். கூலி சில ஆயிரம் ஆகும். அதில் மிச்சம் பிடிப்பது வீண்.

5. நிறுவனங்களே சோதித்து உத்தரவாதத்தோடு விற்கும் பழைய வண்டிகளும் உண்டு. விலை கூடுதல். மெக்கானிக் அறிவும் அறிமுகமும் இல்லாதவருக்கு என் பரிந்துரை இதுவே.

இவற்றையெல்லாம் தாண்டி வாங்கிவிட்டால், புதிய விலையில் 3 விழுக்காட்டையாவது ஆண்டுதோறும் பழுதுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் கணிப்பு. 70 லட்ச ரூபாய் வண்டிக்கு அது 2.1 லட்சம். ஓராண்டு செலவே வராமல் போகலாம். அந்த மிச்சத்தைக் கரைத்துவிடாமல் அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கக்கூடியவருக்கே இந்த வண்டி. தவணைக் கடனிலேயே கையிருப்பு முழுவதையும் கட்டிவிட்டவருக்கு இது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

மூன்றாம் நபர் காப்பீடு 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா கார்களுக்கும் ஒரே தொகை, 7,897 ரூபாயும் வரியும். இதில் சொகுசுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வித்தியாசம் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில் வருகிறது. ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு பேசித் தீர்மானிக்கப்படும். விபத்தில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றின் விலையில் 50 விழுக்காட்டைத் தேய்மானம் என்று கழித்துக்கொள்வார்கள். அந்தப் பாதி உங்கள் பையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத காப்பீடு பழைய வண்டிகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. தேங்கிய நீரில் ஓட்டி எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும்.

வண்டியை வாங்கிய 14 நாளுக்குள் காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் பாதுகாப்பு மட்டும் சட்டப்படி தானாகவே புதியவருக்கு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படி வராது என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய உரிமையாளர் விபத்தின்றி ஓட்டிச் சேர்த்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ அவருக்குத்தான் சொந்தம், வண்டியோடு வராது. பெயர் மாற்றும்போது அந்தத் தள்ளுபடித் தொகையை வாங்குகிறவர் கட்ட வேண்டியிருக்கும்.